எதிர்ப்பது யார்?

நோய் எதிர்ப்புச் சக்தி, நுண்ணுயிர் எதிர்ப்பி, நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன். பாக்டீரியாத் தொற்று பற்றித் தமிழில் எழுதப்படும் இணையக் கட்டுரைகளில் இந்த மூன்று தொடர்களும் அடிக்கடி அடுத்தடுத்த வரிகளிலேயே வந்து நிற்கும். முதலாவது நம் உடம்பில் இருப்பது, வளர வேண்டியது. இரண்டாவது மருந்துக்கடையில் கிடைப்பது. அளவோடு உண்ண வேண்டியது. மூன்றாவது கிருமியிடம் இருப்பது; வளரவே கூடாதது. மூன்றிலும் நடுநாயகமாக இருப்பது ‘எதிர்ப்பு’ என்ற ஒரே சொல். எட்டாம் வகுப்பு மாணவர்கூட இவற்றைத் தடங்கலின்றி உரக்கப் படித்துவிடுவார். படித்து முடித்தவரிடம் ‘இதில் எதிர்ப்பது யார், எதை?’ என்று கேட்டால்தான் சிக்கல் வெளியே வரும். வாசிப்பு எளிமை என்று உலகம் முழுவதும் அளக்கப்படுவது ஒன்று. வாசகருக்குத் தேவைப்படும் எளிமை வேறொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு என்பதைப் பாக்டீரியாவைப் போல வெளிச்சம்போட்டுக் காட்டும் பாடம் மருத்துவத்தில் குறைவு.

அளக்கும் கருவியிலிருந்தே தொடங்கலாம். வியன்னாவில் பிறந்து, சட்டம் படித்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா சென்றவர் ருடால்ஃப் ஃபிளெஷ். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த அவர் 1948-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் சராசரியாக எத்தனை அசைகள் என்ற இரண்டே எண்களைக் கொண்டு, ஒரு பத்தி எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் கொடுப்பது அது. முதல் எண்ணை 1.015-ஆலும் இரண்டாவதை 84.6-ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835-இலிருந்து கழிக்க வேண்டும். நூறை நெருங்கினால் எளிது, பூஜ்யத்தை நெருங்கினால் கடினம். 1975-இல் அமெரிக்கக் கடற்படைக்காகப் பீட்டர் கின்கெய்டும் குழுவினரும் இதே இரண்டு எண்களை வேறு விதமாகக் கூட்டிக் கழித்து, விடை பள்ளி வகுப்பாகவே வரும்படி மாற்றினார்கள். மாலுமிகளின் தொழில்நுட்பக் கையேடுகளைச் சரிபார்க்கப் பிறந்த அந்தச் சூத்திரம் பிறகு கணினியின் எழுத்துச் செயலிக்குள் புகுந்தது. இன்று மருத்துவ இணையப் பக்கங்களின் தரத்தை நிர்ணயிக்கும் நீதிபதியும் அதுதான்.

நீதிபதியின் தீர்ப்பு பல ஆண்டுகளாக மாறவில்லை. நோயாளிகளுக்கான எழுத்து ஆறாம் வகுப்பு நிலையைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. ஆய்வாளர்கள் ஒரு நோயின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, முதலில் வரும் பக்கங்களை நகலெடுத்துச் சூத்திரத்தில் போடுகிறார்கள். விடை பத்தாம் வகுப்பை ஒட்டியோ அதற்கு மேலேயோ வருகிறது. காசநோயானாலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றானாலும் பெரிய வேறுபாடில்லை. பக்கங்கள் மிகக் கடினம், எளிமைப்படுத்த வேண்டும் என்று கட்டுரை முடியும். இத்தகைய ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் நோயாளி ஒருவர்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்பது கவனிக்க வேண்டியது. எழுத்தை இயந்திரம் படிக்கிறது, இயந்திரமே மதிப்பெண் போடுகிறது. படித்தவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்க அங்கே யாருமில்லை.

இந்தக் கருவி தமிழுக்கு வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது சுவையானது. ‘காய்ச்சல் குறைந்துவிட்டாலும் மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடமே போயிருக்க வேண்டியதில்லை. சொற்கள் 4. அசைகள் 2, 6, 5, 7 என மொத்தம் 20. (இங்கே அசை என்பது நேரும் நிரையுமாகிய யாப்பசை இல்லை, ஒரு மூச்சில் ஒலிக்கும் துண்டு.) ஒரு சொல்லுக்குச் சராசரி 5 அசை. ஃபிளெஷின் சூத்திரத்தில் இட்டால் மதிப்பெண் மைனஸ் 220. பூஜ்யமே படுகடினம் என்னும் அளவுகோலில் இது பாதாளத்துக்கும் கீழே. கின்கெய்டின் கணக்குப்படி இந்த வாக்கியம் 45-ஆம் வகுப்புக்கு உரியது. இன்னும் வேடிக்கை உண்டு. ‘குறைந்து விட்டாலும்’, ‘நிறுத்தி விடாதீர்கள்’ என்று இரண்டு இடங்களில் இடைவெளி விட்டு எழுதினால் சொற்கள் ஆறாகின்றன. வாக்கியம் 26-ஆம் வகுப்புக்கு இறங்கிவிடுகிறது. ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள் மாறவில்லை, இரண்டு முறை இடைவெளிப் பொத்தானைத் தட்டியதில் 19 ஆண்டுப் படிப்பு மிச்சம்.

‘ஆங்கிலத்துக்குச் செய்த கருவியைத் தமிழில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பது நியாயமா? தமிழுக்கென்று எண்களை மாற்றியமைத்தால் போயிற்று’ என்று கேட்கலாம். ஸ்பானியத்துக்கும் ஜெர்மனுக்கும் அப்படி மாற்றியமைத்தும் இருக்கிறார்கள். ஆனால் எண்களை மாற்றினாலும் அடியில் இருக்கும் நம்பிக்கை மாறாது: நீளமான சொல் கடினம், குட்டைச் சொல் எளிது. பாக்டீரியா பற்றிய எழுத்தில் இந்த நம்பிக்கை ஆங்கிலத்திலேயே தடுக்கி விழுகிறது. ‘ஆன்டிபயாடிக்’ என்ற சொல்லுக்கு ஐந்து அசை. சூத்திரத்தின் கண்ணில் அது குற்றவாளி. ஆனால் அது தெரியாதவர்கள் இன்று குறைவு. பெட்டிக்கடைக்கு அருகில் மருந்துக்கடை வைத்திருக்கும் நம் ஊர்களில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ‘செப்சிஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டே அசை. சூத்திரம் அதைத் தட்டிக்கொடுத்து அனுப்பும். தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உடலின் உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலை என்பதை அந்த இரண்டு அசையிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

எல்லாவற்றிலும் குட்டையான சொல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது: கிராம். பெர்லினில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் பாக்டீரியாவுக்குச் சாயமேற்றும் முறை ஒன்றை வெளியிட்டார். ஊதாச் சாயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இனங்கள் கிராம் பாசிட்டிவ், கழுவும்போது இழந்துவிடும் இனங்கள் கிராம் நெகட்டிவ். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் டெஸ்ட் கொடுத்தவரின் கைபேசிக்கு வரும் அறிக்கையில் ‘கிராம் நெகட்டிவ் பேசில்லை’ என்று இருக்கும். கிராம் என்றால் எடை என்றும், நெகட்டிவ் என்றால் ‘ஒன்றும் இல்லை’ என்றும் வாழ்நாள் முழுவதும் கற்றவர் அதை எப்படிப் படிப்பார்? கொரோனாக் காலத்தில் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்காக ஊரே காத்திருந்தது. இங்கே அதே சொல் தொற்று இருப்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. அதற்குக் கீழே மருந்துப் பெயர்களின் நீண்ட பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து. எஸ் என்றால் சென்சிட்டிவ், ஆர் என்றால் ரெசிஸ்டன்ட். சென்சிட்டிவ் என்றதும் அந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது, அலர்ஜி என்று நினைக்கவும், ரெசிஸ்டன்ட் என்றதும் தனக்குத் தாங்கும் சக்தி இருக்கிறது என்று மகிழவும் எல்லாக் காரணங்களும் உண்டு. உண்மை நேர் எதிரானது. எஸ் போட்ட மருந்துக்குக் கிருமி சாகும். ஆர் போட்ட மருந்துக்குச் சாகாது. ஓர் எழுத்தைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. இதைவிடத் தவறாகப் புரிந்துகொள்ளவும் முடியாது.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாதபடி ஒரு சான்று இருக்கிறது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்பது நம் உடல் மருந்துக்குப் பழகிப்போய் எதிர்க்கத் தொடங்குவது என்று நினைத்தவர்கள் 76 விழுக்காட்டினர். நான்கில் மூன்று பேர் எதிர்ப்பவரை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை என்று 44 விழுக்காட்டினர் நம்பினார்கள். முதல் தவறிலிருந்து இரண்டாவது தானாகவே முளைக்கிறது: எதிர்ப்பு என் உடம்பில் இருக்கிறது என்றால், மருந்தே தொடாத எனக்கு அது எப்படி வரும்? அந்த ஆண்டிலேயே லண்டனின் வெல்கம் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வும் இதே குழப்பத்தைக் கண்டது. ‘எதிர்ப்பு’ என்று மொட்டையாகச் சொல்லாமல் மருந்துக்கு அடங்காத தொற்று, மருந்துக்கு அடங்காத கிருமி என்று சொல்லுமாறு கேட்டுக்கொண்டது. சொற்களின் நீளத்தைப் பற்றி அது கவலைப்படவில்லை. எழுவாயைக் கண்ணில் காட்டச் சொன்னது.

எழுவாய் கிருமிதான் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. 1940 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஏபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்கள். இப்போது ஈ.கோலை என்று அழைக்கப்படும் குடல் பாக்டீரியாவுக்குள் பென்சிலினை அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது என்பது அதன் சாரம். ஆக்ஸ்ஃபோர்டில் நோய் முற்றிய ஒருவருக்கு முதன்முதலாகப் பென்சிலின் ஏற்றியது 1941 ஜனவரியில். அதாவது மருந்து நோயாளியின் உடம்புக்குள் போவதற்கு முன்பே, அதை உடைக்கும் கத்தரி கிருமியிடம் இருந்தது. எந்த மனித உடம்பும் அதைப் பழக்கிக் கொடுக்கவில்லை. அத்தகைய கத்தரியைச் செய்யும் குறிப்புகள் பாக்டீரியாவுக்குள் தனியாகச் சுற்றும் சிறு டிஎன்ஏ வளையங்களில் இருக்கக்கூடும். ஒரு பாக்டீரியா அந்த வளையத்தின் படியைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கொடுக்கும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தக் கிருமி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கும், அங்கிருந்து சோற்றுத் தட்டுக்கும் போகும். வாழ்நாளில் ஆன்டிபயாடிக் தொடாதவரும் ஆர் எழுத்துகள் நிறைந்த அறிக்கையோடு நிற்க நேர்வது இப்படித்தான். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக இருந்து நேர்ந்த இறப்புகள் உலகில் 12.7 லட்சம் என்பது லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு.

தமிழில் இந்தச் சிக்கலுக்குப் பெயர் வைத்தவர்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். நோய் எதிர்ப்பு என்பது வேற்றுமைத்தொகை; விரித்தால் நோயை எதிர்த்தல். நோய் இங்கே செயப்படுபொருள். நுண்ணுயிர் எதிர்ப்பி என்பதும் அப்படியே, நுண்ணுயிரை எதிர்ப்பது. அதே அச்சில் வார்த்த நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் என்பதை விரித்தால் நுண்ணுயிரினது எதிர்ப்புத் திறன். இரண்டாம் வேற்றுமை நின்ற இடத்தில் ஆறாம் வேற்றுமை வந்து உட்கார்ந்துவிட்டது. அடிபட்டுக்கொண்டிருந்த நுண்ணுயிர் அடிக்கிற பக்கம் போய்விட்டது. உருபு மறைந்திருப்பதால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்று பவணந்தியார் நன்னூலில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். செய்யுளில் அந்த மயக்கம் சுவை. மருந்துச் சீட்டின் பக்கத்தில் வைத்துப் படிக்கும் கட்டுரையில் அது விபத்து. ஆங்கில மூலத்தில் பெயர்மேல் பெயராக அடுக்கிய சொற்கோவை இருக்கும். மொழிபெயர்ப்பவர் அதை அப்படியே தொகையாக அடுக்குவார். பளபளப்பான, சுருக்கமான, தேர்வு விடைத்தாளில் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய கலைச்சொல் கிடைக்கும். ‘ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் சாகாமல் தப்பிக்கும் ஆற்றல் கிருமிக்கு வந்துவிடுவது’ என்று எழுதினால் ஏழு சொற்கள் ஆகின்றன. எந்தச் சூத்திரமும் இதைப் பாராட்டாது. ஆனால் யார், எதை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதற்குள் விடை இருக்கிறது.

‘கலைச்சொற்களை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? மக்களுக்குத் தெரிந்த சொல் கிருமி. அதை வைத்தே எல்லாவற்றையும் எழுதிவிடலாமே?’ என்றொரு மறுப்பு உண்டு. பாதி ஒப்புக்கொள்ள வேண்டிய மறுப்பு. கிருமி என்ற வடசொல்லுக்கு மூலப்பொருள் புழு. இராமானுசரைத் துன்புறுத்தியவனாக வைணவ மரபு சொல்லும் சோழனுக்குக் கிருமிகண்ட சோழன் என்று பெயர். கழுத்துப் புண்ணில் புழு வைத்தவன். கண்ணுக்குத் தெரிந்த புழுவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அந்தச் சொல் நகர்ந்தபோது, பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை எல்லாமே அதற்குள் குடியேறிவிட்டன. ஆன்டிபயாடிக் பற்றிய அறிவில் மிக முக்கியமான செய்தி, அது பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது என்பது. ‘ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும்’ என்று எழுதியதும் அந்தச் செய்தி அழிந்துபோகிறது. சளிக்கும் கிருமிதான் காரணம், மாத்திரை கிருமியைக் கொல்லும், ஆகவே சளிக்கு மாத்திரை. தர்க்கத்தில் பிழையே இல்லை. பிழை சொல்லில் இருக்கிறது. தூய தமிழ் ஆக்கத்துக்குப் போனாலும் தப்பிக்க வழியில்லை. பள்ளிப் பாடத்தில் நுண்ணுயிரிகள் என்ற தலைப்பின் கீழ் வைரஸும் இருக்கும்போது, நுண்ணுயிர் எதிர்ப்பி என்ற பெயரே வைரஸையும் எதிர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறது. மேலே சொன்ன கணக்கெடுப்பில் சளிக்கும் ஃபுளூவுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று நினைத்தவர்கள் இந்தியாவில் 75 விழுக்காட்டினர். அத்தனை பேரையும் ஒரு சொல்தான் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். எழுதித்தருகிறவர்களும் விற்கிறவர்களும் அதில் பங்குதாரர்கள். ஆனால் தவறான நம்பிக்கைக்குச் சொல்லே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கட்டுரையின் மூன்றாம் பத்தியில் வரும் எச்சரிக்கை யார் காதில் விழும்? ஆகவே ஆன்டிபயாடிக், பாக்டீரியா, வைரஸ் ஆகிய மூன்றையும் தமிழாகவே ஏற்றுக்கொண்டு, முதலாவது இரண்டாவதைக் கொல்லும், மூன்றாவதைக் கொல்லாது என்று முதல் வரியிலேயே எழுதுவதுதான் நேர்மையான எளிமை என்பது என் துணிபு.

சொல்லுக்குள் கோட்பாடு ஒளிந்திருப்பது கலைச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் எடுத்தால் தமிழில் அதற்கு நீர்க்கடுப்பு என்று அழகான பெயர் இருக்கிறது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வரும் தொற்று இது. பெரும்பாலும் காரணம் முன்பு பார்த்த ஈ.கோலைதான். ஆனால் நீர்க்கடுப்பு என்றதும் கூடவே வருவது ‘உடம்புச் சூடு’ என்ற விளக்கம். அதன் பின்னால் இளநீர், மோர், வெந்தயம். சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று தலைப்பிட்ட கட்டுரை என்னதான் தெளிவாக இருந்தாலும், நீர்க்கடுப்பு என்று தேடுகிறவரின் கண்ணுக்கு அது வேறு ஊர்க் கதை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தன் இணையப் பக்கங்களை 9 முதல் 11 வயதுள்ள குழந்தைக்குப் புரியும்படி எழுதச் சொல்கிறது; சிறுநீருக்கும் மலத்துக்கும் வீட்டில் குழந்தைகளிடம் பேசும் சொற்களையே பயன்படுத்துகிறது. நாகரிகம் கருதி முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் வாசகர் எந்தச் சொல்லோடு வலியை உணர்கிறாரோ அந்தச் சொல்லில்தான் அவரைச் சந்திக்க முடியும். தமிழில் அதோடு நிற்கவும் முடியாது. நீர்க்கடுப்பு என்று தொடங்கி, இது சூட்டினால் வருவதைவிடப் பாக்டீரியாவினால் வருவதே மிகுதி என்று அவர் மனத்திலுள்ள விளக்கத்தோடு முகத்துக்கு நேராகப் பேச வேண்டும். பிறகு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கத்து முதுகில் வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், மோரோடு காத்திருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெயர்கள் எப்போதும் வழிமறிப்பதில்லை, வழிகாட்டவும் செய்யும். எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் இரண்டுமே பாக்டீரியாத் தொற்றுகள். நோய் எந்த வாசலால் வருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. லெப்டோஸ்பைரோசிஸ், ஸ்க்ரப் டைஃபஸ் என்ற அறிவியல் பெயர்களிடம் இந்தக் கொடை இல்லை. கொடையிலும் ஒரு கழிவு உண்டு. எலி கடிக்காததால் எலிக்காய்ச்சல் வராது என்று நினைத்துவிடலாம். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த மழைநீரில் காலில் வெட்டுக்காயத்தோடு நடந்தாலே போதும். உண்ணிக்காய்ச்சலைப் பரப்புவது மாட்டின்மேல் பார்க்கும் உண்ணி இல்லை, கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு சிற்றுயிரின் இளம்பருவம். அது கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஒளிந்திருக்கும். டாக்சிசைக்ளின் போன்ற மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் குணமாகும் நோய், அந்தப் பொருக்கை யாரும் தேடாததால் உயிரை வாங்கும். அந்தப் பொருக்கை மருத்துவச் சொல்லால் ‘எஸ்கார்’ என்று எழுதினால் சூத்திரத்துக்கு இரண்டே அசை. ‘காரணம் தெரியாத காய்ச்சல் ஐந்து நாளாக விடவில்லையா, அக்குளையும் தொடை இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்’ என்று எழுதினால் 12 சொற்கள். எது எளிது?

சூத்திரங்களை முழுவதும் தள்ளிவிடுவதும் சரியாகாது. ஆங்கிலத்தில் நாற்பது சொல் நீளமுள்ள வாக்கியத்தைப் பிடித்துக்கொடுக்க அவற்றைவிட மலிவான காவலாளி இல்லை. ஒரு நிறுவனம் ஆயிரம் பக்கம் வெளியிடும்போது எல்லாவற்றையும் மனிதரிடம் கொடுத்துச் சோதிக்க முடியாது. கடினமான எழுத்தில் நீளமான சொற்களும் வாக்கியங்களும் சேர்ந்தே இருப்பது வழக்கம் என்பதால், அளவீடு பல நேரங்களில் உண்மையைத் தொடவும் செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், காய்ச்சல்மானி காட்டும் எண்ணைக் குறைப்பதே சிகிச்சை என்று நினைக்கும்போது. காய்ச்சல்மானியைத் தண்ணீரில் வைத்தாலும் எண் குறையும். வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி வைப்பதும், ‘ஆகையால்’, ‘இருந்தாலும்’ போன்ற இணைப்புகளை உருவிவிடுவதும் மதிப்பெண்ணை உயர்த்தும். காரணத்தையும் விளைவையும் கட்டியிருந்த கயிறு அந்த இணைப்புதான். அதை அறுத்த பிறகு வாசகர் கையில் இருப்பது உதிரி மணிகள். இப்போது எந்தக் கட்டுரையையும் ஆறாம் வகுப்பு நிலைக்கு மாற்றித்தா என்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் செய்துகொடுக்கிறது; உருவப்பட்ட கயிறுகளை எண்ணிப்பார்க்க ஆள் வேண்டுமே.

இன்னும் வலுவான மறுப்பு மருத்துவர்கள் பக்கத்திலிருந்து வருகிறது: எளிமையாக்கினால் உண்மை சிதைந்துவிடும். முன்பு 45-ஆம் வகுப்புக்கு அனுப்பிய அந்த வாக்கியத்தையே திரும்பப் பார்ப்போம். காய்ச்சல் குறைந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், கோர்ஸை முடியுங்கள். தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும், யாருக்கும் புரியும் அறிவுரை. 2017 ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மார்ட்டின் லெவெலினும் சக ஆய்வாளர்களும் இந்த அறிவுரையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் என்பதற்குப் பல தொற்றுகளில் சான்று இல்லை. தேவைக்கு மேல் நாள்கணக்கில் உண்பதுதான், உடம்பில் சும்மா இருக்கும் மற்ற பாக்டீரியாக்களிடையே எதிர்ப்பாற்றலை வளர்க்கிறது என்பது அவர்கள் வாதம். காசநோய் இதற்கு விலக்கு. வழக்கமான சிகிச்சையே 6 மாதம், இடையில் விட்டால் ஆபத்து என்பதில் ஐயமில்லை. மறுமுனையில், சாதாரண நீர்க்கடுப்புக்கு ஃபாஸ்ஃபோமைசின் ஒரே ஒரு வேளை, நைட்ரோஃபியூரன்டாயின் 5 நாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுதியதில் எளிமை இருந்தது, உண்மை பாதிதான் இருந்தது. இது எளிமைக்கு எதிரான சான்று என்று மருத்துவர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாக்கியத்திலும் ஒன்று தொகைபோல மறைந்திருந்தது: எந்த நோய்க்கு, எத்தனை நாள், எதற்காக என்பது. ‘எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது, உங்களுக்கு எழுதிக்கொடுத்த நாள்கணக்கு ஏன் அவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள், கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், மிஞ்சியதை எடுத்துவைக்கவும் வேண்டாம்’ என்று விரித்தால் உண்மை திரும்பி வருகிறது, எளிமையும் போகவில்லை. போனது சுருக்கம் மட்டுமே.

சுருக்கம் போனால் யார் படிப்பார்கள், இப்போதெல்லாம் ஒரு நிமிட வீடியோதானே என்பது கடைசி மறுப்பு. வீடியோவும் சொற்களால்தான் ஆனது. ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் அதிகரித்து வருகிறது’ என்று இனிய குரலில் சொன்னாலும் 76 விழுக்காடு அப்படியேதான் இருக்கும். அதுவும் தமிழில், எழுத்துக்கும் பேச்சுக்கும் நடுவே இருக்கும் தூரம் கேட்பவருக்குக் கூடுதல் சுமை. நீளத்தைப் பற்றிய அச்சத்துக்குப் பதில் வரிசையில் இருக்கிறது. மருந்து எந்தக் கிருமிக்கு, எந்த அறிகுறி வந்தால் ஓட வேண்டும் என்ற இரண்டும் முதல் திரையிலேயே வந்துவிட்டால், மீதி பத்துத் திரை நீண்டாலும் கேடில்லை. அது சரியாக வந்திருக்கிறதா என்று அறியச் செவிலியர்கள் கையாளும் ஒரு வழி இருக்கிறது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆகவே ‘வீட்டில் போய் உங்கள் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், சொல்லுங்கள்’ என்று கேட்பது. ஐந்து பேரிடம் கட்டுரையைக் கொடுத்துவிட்டு ‘எதிர்ப்பது யார்?’ என்று கேட்டால் போதும், எந்த வாக்கியத்தில் எழுவாய் தொலைந்தது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

படிக்கவே தேவையில்லாத குறியீடு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டையில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு இறங்கும். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதைப் பற்றி நாடு தழுவிய பிரசாரமே தொடங்கியது. கோடு சொல்ல வரும் எச்சரிக்கை அட்டையின் பின்புறம் கட்டத்துக்குள் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கும். ஆனால் மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் நறுக்கி மூன்று மாத்திரை கொடுப்பது வழக்கம். மேலிருந்து கீழ்வரை ஓடும் கோடு எந்தத் துண்டிலும் கொஞ்சம் தப்பிப் பிழைக்கும். எச்சரிக்கைக் கட்டமும் மருந்தின் முழுப் பெயரும் பெரும்பாலும் கடைக்காரரின் டப்பாவிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வந்த துண்டில் ‘சில்லின்’ என்றோ ‘மைசின்’ என்றோ பெயரின் வால் மட்டும் மிஞ்சியிருக்க, இது எதற்கு, எத்தனை நாள் என்று தெரிந்துகொள்ள அந்த வாலைத்தான் ஒருவர் இரவில் கைபேசியின் தேடுபொறியில் தட்டிக்கொண்டிருப்பார்.